பல்கலைக்கழகங்கள் மாணவர் இருக்கும் இடத்துக்கு வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் நாளிதழ்களின் முழுப் பக்கங்கள், நெடுஞ்சாலைப் பதாகைகள், பேருந்துகளின் பின்புறம், யூடியூப் காணொளிகளுக்கு முன்னால் ஓடும் விளம்பரங்கள் என்று எங்கு திரும்பினாலும் தனியார் கல்லூரிகளின் பெயர்களே கண்ணில் படுகின்றன. அதே மாதத்தில் நம் அரசுப் பல்கலைக்கழகங்களும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளும் மாணவர்களை நோக்கிச் சொல்வது பெரும்பாலும் ஓர் அறிவிக்கையும் ஓர் இணையதள முகவரியும் கடைசித் தேதியுமாக முடிந்துவிடுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முதுகலை ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டு, உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பையும் கவனித்து வருபவன் என்ற முறையில், இந்த மௌனத்தால் எங்கள் பிள்ளைகள் எதை இழக்கிறார்கள் என்பதையும் அதைச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாக உயர்கல்வித் துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலில், நடந்திருக்கும் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். 2021-22 ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாட்டளவில் 28.4 ஆக இருக்கையில் தமிழ்நாட்டில் 47 ஆக இருக்கிறது. 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் அதன் பகுதியான ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும், எங்கும் சேராமல் விடுபட்டவர்களைத் தேடிப் பிடிக்கும் ‘உயர்வுக்குப் படி’ முகாம்களும் எங்கள் பகுதியில் உண்மையாகவே பயன்பட்டிருக்கின்றன. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் வழியாக அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது பல வீடுகளில் ‘படிக்கட்டும்’ என்ற முடிவை எடுக்க வைத்திருக்கிறது. ஆனால் இவையெல்லாம் அரசும் பள்ளிக் கல்வித் துறையும் மாணவரை நோக்கி நடந்து வந்த தூரம். பல்கலைக்கழகங்கள் தம் பங்குக்கு நடந்து வந்த தூரம் மிகக் குறைவு என்பதே என் வருத்தம்.

2025-ஆம் ஆண்டு பிளஸ் 2 தேர்வில் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்ச்சி பெற்றார்கள். தேர்ச்சி விகிதம் 95.03. இவ்வளவு பெரிய கூட்டத்தில் எத்தனை பேர் தாம் சேரப்போகும் கல்லூரியின் வளாகத்தை விண்ணப்பிப்பதற்கு முன்னால் ஒருமுறையேனும் பார்த்திருப்பார்கள்? எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக வரவிருப்பவர்கள். வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை என்பதால், அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டறிய அவர்களுக்கு ஆளில்லை. பாடத்திட்டத்தைப் பற்றி அவர்கள் என்னிடம் அதிகம் கேட்பதில்லை. ‘ஹாஸ்டல் கிடைக்குமா சார், சாப்பாடு எப்படி இருக்கும்?’, ‘சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவாங்க, அதுக்கப்புறம் எங்க ஊருக்கு பஸ் இருக்குமா?’, ‘தமிழ் மீடியம்னு சொன்னா கிண்டல் பண்ணுவாங்களா?’, ‘சீனியர்ஸ் எப்படி சார்?’ என்றுதான் கேட்கிறார்கள். இவற்றுள் ஒன்றுக்கும் எந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கையேட்டிலும் விடை கிடையாது. தனியார் கல்லூரிகளோ இந்தக் கேள்விகளைத் தெரிந்து வைத்திருக்கின்றன. விடுதி அறை, உணவுக்கூடம், பேருந்து, ஆண்டு விழா என்று ஒரு நிமிடக் காணொளிகளாக எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுகின்றன. அந்தக் காணொளியில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பூச்சு என்று பிரித்துப் பார்க்கப் பதினேழு வயதுப் பிள்ளையால் முடிவதில்லை. அதன் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள்.

இதற்குப் பதிலாக அரசுப் பல்கலைக்கழகங்களும் விளம்பர நிறுவனங்களை அமர்த்திப் பளபளப்பான ‘ரீல்ஸ்’ எடுக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. இளைஞர் பண்பாட்டோடு தொடர்பு கொள்வது என்றவுடன் நிர்வாகங்களுக்குத் தோன்றுவது, அந்த மாதம் ஓடும் சினிமாப் பாட்டுக்குப் பேராசிரியர்களை ஆடவிடுவதும், விழாவுக்கு நடிகரை அழைப்பதும், சேர்க்கை அறிவிப்பை மீம் வடிவில் போடுவதுமாகவே இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்களுடைய மொழியைப் பெரியவர்கள் கடன் வாங்கிப் பேசுவதை அவர்கள் விரும்புவதில்லை. அவர்கள் ஏற்கெனவே ஈடுபாட்டோடு செய்துகொண்டிருக்கும் ஒன்றை ஒரு பெரியவர் மதித்து, அதைப் பற்றி அறிவோடு இரண்டு வார்த்தை பேசினால் அதை ஆயுள் முழுக்க மறப்பதில்லை. பல்கலைக்கழகம் பேச வேண்டிய இடம் அதுதான் என்பதே நான் சொல்ல வந்தது.

எங்கள் மாவட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். தமிழ்நாட்டிலேயே வாடிவாசல்கள் மிகுதியாக உள்ள மாவட்டம் புதுக்கோட்டை. எங்கள் வகுப்பறைகளில் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் பலர் உண்டு. பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் கைப்பேசி முழுக்க அவன் வீட்டுக் காளையின் காணொளிகள்தான். குளத்தில் நீச்சல் விடுவதையும், மண்மேட்டைக் கொம்பால் குத்திப் பழக்குவதையும், எந்த மாதத்தில் எவ்வளவு பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைப்பது என்பதையும், நடை மாறினால் எந்தக் காலில் வலி என்று கண்டுபிடிப்பதையும் அவன் படம்பிடித்துப் பின்னணியில் பாட்டுச் சேர்த்துப் போடுகிறான். நூற்றுக்கணக்கானோர் பார்க்கிறார்கள், சந்தேகம் கேட்கிறார்கள், அவனும் பொறுமையாகப் பதில் எழுதுகிறான். அவனுக்குத் தெரிந்த ஒரே கால்நடை மருத்துவர், போட்டிக்கு முன்பு காளைக்குத் தகுதிச் சான்று தருபவர். அந்த மருத்துவர் ஆவதற்கு என்ன படிக்க வேண்டும் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. அடுத்த மாவட்டமான தஞ்சாவூரில், ஒரத்தநாட்டிலேயே, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று இருக்கிறது என்பது அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் தெரியாது.

இங்கே காலம் மிக முக்கியம். கால்நடை மருத்துவப் பட்டப் படிப்பில் சேரப் பிளஸ் 2-வில் உயிரியல், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் அந்தப் பையன் கலைப் பிரிவையோ வணிகவியலையோ தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தக் கதவு அன்றே மூடிவிடும். இரண்டு ஆண்டு கழித்து எத்தனை வழிகாட்டி முகாம்கள் நடத்தினாலும் அதைத் திறக்க முடியாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கால்நடை மருத்துவம், வேளாண்மை, மீன்வளம், பொறியியல், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த ஒதுக்கீடு யாரை நினைத்துக் கொண்டுவரப்பட்டதோ அந்தப் பிள்ளைக்கே அதன் பயன் போய்ச் சேர வேண்டுமானால், அவன் ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் படிக்கும்போதே பல்கலைக்கழகம் அவனைச் சந்தித்திருக்க வேண்டும். ஒரத்தநாட்டிலிருந்து இரண்டு இளநிலை மாணவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து, அவனுடைய காளையின் முன்னால் நின்று, அதன் குளம்பையும் பல்லையும் பற்றிப் பேசட்டும். அவன் எடுத்த காணொளிகளைப் பார்த்துவிட்டு, ‘நீ சொன்னது சரி, ஆனால் தீவனத்தில் இதைக் கவனி’ என்று ஒரு திருத்தம் சொல்லட்டும். அதன்பிறகு உயிரியல் பாடத்தை எடு என்று நான் அவனை வற்புறுத்த வேண்டியிருக்காது.

இதே முறையில் யோசித்தால் வழிகள் நிறையத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் திருவிழாக்களை ஒட்டி விளக்கொளியில் இரவெல்லாம் கபடிப் போட்டிகள் நடக்கின்றன. ஒவ்வொரு போட்டியிலும் பிளஸ் 1, பிளஸ் 2 படிக்கும் பிள்ளைகள் இறங்குகிறார்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது என்பதும், சேர்க்கையின் தொடக்கத்திலேயே சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு நடந்து முடிந்துவிடுகிறது என்பதும், ஊர்ப் போட்டியில் கிடைக்கும் கோப்பை அதற்குச் செல்லாது, அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ்தான் வேண்டும் என்பதும் அவர்களில் மிகச் சிலருக்கே தெரியும். நன்றாக ஆடக்கூடிய ஒரு மாணவி, குறுவட்ட, மாவட்டப் போட்டிகளில் பெற்ற சான்றிதழ்களைப் பத்திரப்படுத்தாமல், கலந்தாய்வு நாளில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகக் கபடி அணியே ஒரு நாள் எங்கள் ஊர்த் திடலில் இறங்கி ஆடிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் இந்த விவரத்தை ஒலிபெருக்கியில் ஐந்து நிமிடம் சொன்னால், எந்தக் கையேட்டையும்விட அது அதிகம் பேருக்குப் போய்ச் சேரும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் நடக்கும் மைதானங்களிலும் இதைச் செய்யலாம். அங்கே பள்ளி மாணவரும் கல்லூரி மாணவரும் ஒரே காலத்தில் வந்து போகிறார்கள்.

கலைகளைப் பொறுத்தவரை அரசே ஒரு பெரிய மேடையைக் கட்டி வைத்திருக்கிறது. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெற்றுவரும் கலைத் திருவிழாவில் பறை, சிலம்பம், தெருக்கூத்து, பொம்மலாட்டம், குறும்படம், ஓவியம், பாட்டு, இசைக்கருவி என்று பிள்ளைகள் காட்டும் திறனைப் பார்த்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். பள்ளி அளவில் தொடங்கி, வட்டாரம், மாவட்டம் கடந்து மாநில அளவில் வெல்வோருக்குக் ‘கலையரசன்’, ‘கலையரசி’ என்று பட்டம் தரப்படுகிறது. இவ்வளவு தூரம் வந்த பிள்ளை பிளஸ் 2 முடித்ததும் அந்தக் கலையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, கிடைத்த பாடப்பிரிவில் சேர்ந்துவிடுகிறது. கலைத் திருவிழாவின் மாவட்டப் போட்டிகளுக்குப் பல்கலைக்கழகங்களின் நாடகத் துறையிலிருந்தோ இசைத் துறையிலிருந்தோ யாரும் வந்து உட்கார்ந்து பார்த்ததை நான் அறியேன். தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இயங்குவதும், தரமணியில் உள்ள அரசுத் திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்பும் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பட்டப் படிப்புகளாகவே கற்பிக்கப்படுவதும், கைப்பேசியிலேயே இரவு பகலாக ‘எடிட்’ செய்துகொண்டிருக்கும் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிய செய்தியாக இருக்கின்றன.

இந்த இடத்தில் சென்னை ஐஐடி செய்திருப்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 2024-25-இல் விளையாட்டில் சிறந்தவர்களுக்கும், 2025-26-இல் நுண்கலை, பண்பாட்டில் சிறந்தவர்களுக்கும் இளநிலைப் படிப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு கூடுதல் இடங்களை அது உருவாக்கியது; அவற்றில் ஒன்று பெண்களுக்கு உரியது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால் எங்கள் பிள்ளைகளில் வெகு சிலருக்கே அது எட்டும். என்றாலும், பாட்டும் ஆட்டமும் படிப்பின் எதிரிகள் என்ற பழைய எண்ணத்தை நாட்டின் முதன்மையான பொறியியல் நிறுவனம் ஒன்றே கைவிட்டிருக்கிறது என்பது பெரிய செய்தி. கலைத் திருவிழாவில் மாநில அளவில் வென்றோருக்கு நம் மாநிலப் பல்கலைக்கழகங்களும் அவற்றின் கல்லூரிகளும் பாடப்பிரிவுக்கு ஓரிரு கூடுதல் இடங்களை ஒதுக்குவதால் யாருடைய வாய்ப்பும் குறையாது. கூடுதல் இடங்களாகத் தரும்போது இட ஒதுக்கீட்டு முறைக்கும் அதனால் பாதிப்பு வராது.

இணையம் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட மாணவர்களை எந்தக் கட்சியும் அழைத்து வரவில்லை. வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் அவர்களே ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டார்கள். 2020-இல் டிக்டாக் தடை செய்யப்பட்ட பிறகு கிராமத்துப் பிள்ளைகள் சில வாரங்களுக்குள் இன்ஸ்டாகிராமுக்கும் யூடியூபுக்கும் இடம் மாறிவிட்டார்கள். செயலிகள் மாறிக்கொண்டே இருக்கும்; ஆனால் தங்களைப் போன்ற ஒருவர் சொன்னால் நம்புவது என்ற வழக்கம் மாறவில்லை. ஆகவே பல்கலைக்கழகங்கள் தம் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிலிருந்து மாவட்டத்துக்குச் சிலரைத் தேர்ந்து, அவர்களுக்கு ஒரு மதிப்பூதியமும் கொடுத்து, தம் கல்லூரி வாழ்க்கையைத் தம் பேச்சுவழக்கிலேயே சொல்லச் செய்ய வேண்டும். அறந்தாங்கியிலிருந்து போன பெண் அறந்தாங்கிப் பெண்களிடம் பேசட்டும். விடுதியில் தண்ணீர் வராத நாளையும் அவர் சொல்லட்டும். முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடத்தில் தடுமாறியதையும், அதிலிருந்து எப்படித் தேறினார் என்பதையும் சொல்லட்டும். நிர்வாகம் அதைத் திருத்தி எழுத முனைந்தால் அந்தப் பேச்சின் பயன் அங்கேயே போய்விடும். மே, ஜூன் மாதங்களில் இரவு ஒன்பது மணி வரை தமிழில் பதில் சொல்லும் ஒரு வாட்ஸ்அப் எண்ணைப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் வைத்திருப்பதும் அவசியம். அலுவலகத் தொலைபேசியில் மணி அடித்துக்கொண்டே இருக்க, எடுக்க ஆளில்லாமல், ஒரு சான்றிதழ் தொடர்பான சிறு ஐயத்தால் விண்ணப்பத்தையே கைவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சொந்தக் கைப்பேசி இல்லாத பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. எங்கள் மாணவிகள் பலருக்கு அப்பாவின் அல்லது அண்ணனின் கைப்பேசிதான். அதிலும் அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும். அவர்களுக்கு ரீல்ஸ் எட்டாது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிய அண்ணா எஃப்.எம். 90.4, நாட்டிலேயே கல்வி வளாகம் ஒன்றிலிருந்து ஒலித்த முதல் சமுதாய வானொலி. கிண்டியைச் சுற்றியுள்ள எளிய மக்கள் அதில் நிகழ்ச்சி கேட்டதோடு நிற்காமல் தாங்களே நிகழ்ச்சி தயாரித்தும் தந்தார்கள். அத்தகைய வானொலி மாவட்டத்துக்கு ஒன்று இருந்து, அதைக் கல்லூரி மாணவர்களே நடத்தி, மாலையில் பாட்டுக்கு நடுவே பள்ளி மாணவிகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்னால், அடுப்படியில் அம்மாவும் சேர்ந்து கேட்பார். பெண் பிள்ளையின் மேற்படிப்பை முடிவு செய்வதில் அம்மாவின் காதுக்கு எட்டுவது மிகப் பெரிய விஷயம்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. இளைஞர் பண்பாடு முழுவதும் வெள்ளந்தியானது என்று ஓர் ஆசிரியன் சொல்ல முடியாது. கையில் கட்டும் வண்ணக் கயிறும், சாதிப் பெருமை பேசும் பாட்டை ஒட்டிய ‘கெத்து’ ரீல்ஸும் எங்கள் பள்ளிகளுக்குள் வந்துவிட்டன. நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழு இதைப் பற்றி விரிவாகவே பரிந்துரைத்திருக்கிறது. சென்னையில் ‘ரூட் தல’ என்ற பெயரில் பேருந்துகளில் நடக்கும் மோதல்களும் நமக்குத் தெரிந்தவையே. அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்பதற்காக எதையும் கையில் எடுக்கும் போக்கு பல்கலைக்கழகத்துக்கு ஆகாது. ஆனால் அஞ்சி ஒதுங்குவதாலும் பயனில்லை. பேருந்தில் கானா பாடும் பையனின் தாளக்கட்டைக் கேட்டு, ‘வா, இதை இசைத் துறையில் பதிவு செய்வோம்’ என்று ஒரு கல்லூரி அழைத்தால், அவனுக்குத் தன் கூட்டத்துக்கு வெளியேயும் ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயருக்காகத்தான் அவர்களில் பலர் அடிதடியில் இறங்குகிறார்கள் என்பது நான் பழகிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. மேலும், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளின் முகங்களையும் பெயர்களையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை எந்த நிறுவனமும் செய்யக் கூடாது. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே எங்கள் மாணவர்களின் பெற்றோருக்கு யார் யாரோ தொலைபேசியில் அழைத்து இடம் தருவதாகப் பேசுகிறார்கள். அந்த எண்கள் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தன என்பதை அரசு கண்டறிந்து தடுக்க வேண்டும்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எங்கள் மாவட்டப் பள்ளிகளுக்குப் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும் ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவில் உள்ளன. நவம்பர், டிசம்பர் மாதச் சனிக்கிழமைகளில் வளாகத்தைத் திறந்துவிட்டு, பத்தாம் வகுப்பும் பிளஸ் 1-உம் படிக்கும் பிள்ளைகள் ஆய்வகத்தையும் நூலகத்தையும் பார்க்கவும், மதியம் விடுதி உணவுக்கூடத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவும், மாலையில் அங்குள்ள கலைக் குழுவோடும் விளையாட்டு அணியோடும் கலந்துகொள்ளவும் வகைசெய்தால் போதும். பேருந்துச் செலவைப் பள்ளிகள் ஏற்க இயலாது. அதை உயர்கல்வித் துறை ஏற்க வேண்டும். பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பத் தலைமையாசிரியர்கள் தயங்குவார்கள் என்பதால், இதற்கான சுற்றறிக்கை அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே பள்ளிகளுக்கு வந்து சேரும்படி உயர்கல்வித் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் கலந்து பேசி ஆவன செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதுகலை ஆசிரியர் ஒருவர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.